மாவுக்கட்டு ரம்பம் முதல் மனிதக் குரங்குகள் வரை: ஆர்கஸ் அறக்கட்டளையின் பணம் போகும் வழி

2002 செப்டம்பரில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்ற பாலைவன ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் கைமாறியது. கூல்ஸ்டன் ஃபவுண்டேஷன் என்று பெயர். மருந்துக்கும் நச்சுக்கும் சிம்பன்சிகளைச் சோதனைக்கு உட்படுத்தி வந்த நிறுவனம். விலங்கு நல விதிகளை மீறியதாகத் தொடர்ந்து வழக்குகள், அரசு நிதி நின்றுபோனது, கடைசியில் கடன். நிலத்தையும் கட்டடங்களையும் விலை பேசியபோது, உள்ளே கூண்டுகளில் இருந்த 266 சிம்பன்சிகளும் 61 குரங்குகளும் கூடவே வந்தன. வாங்கியவர் கரோல் நூன் என்ற மானுடவியல் ஆய்வாளர். அவர் கையில் பணம் கிடையாது. 37 லட்சம் டாலரைத் தந்தது ஆர்கஸ் என்ற அறக்கட்டளை. அப்போது அதற்கு வயது இரண்டு.

அதே காலத்தில் அதே அறக்கட்டளை, மிச்சிகன் மாநிலத்தில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகப் பாடுபட்ட அமைப்புகளுக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்றும் அதன் வேலை இந்த இரண்டுதான். ஒரு பக்கம் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகியோருக்கான சமூக நீதி. இன்னொரு பக்கம் சிம்பன்சி, கொரில்லா, போனோபோ, ஒராங்குட்டான், கிப்பன் ஆகிய வாலில்லாக் குரங்குகளின் பாதுகாப்பு. எந்த அரசுத் துறையும் இந்த இரண்டையும் ஒரே கோப்பில் வைக்காது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் வைக்காது. முதலாவதில் சர்ச்சை வருமே என்ற பயம், இரண்டாவதில் புகைப்படத்துக்கு மேல் ஆர்வமில்லை. தனியார் அறக்கட்டளையால் முடிகிறது. காரணம், அது யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த அமைப்பின் பலமும் அதில்தான், அதன் மீதுள்ள முக்கியமான ஆட்சேபணையும் அதில்தான்.

எலும்பு டாக்டரின் சொத்து

பணம் வந்த இடம் கலமசூ. மிச்சிகனில் ஒரு நடுத்தர ஊர். அங்கே எலும்பு முறிவு மருத்துவராக இருந்தவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர். முதுகெலும்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியைப் புரட்டிப் போட முடியாது. புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும். நோயாளியை இரண்டு கேன்வாஸ் சட்டங்களுக்கு நடுவில் வைத்து, அப்படியே சுழற்றித் திருப்பும் ஒரு படுக்கையை அவர் செய்தார். இன்னொரு கருவி நம்மில் பலர் உடம்பில் பட்டிருக்கும். மாவுக்கட்டு பிரிக்கும்போது உறுமிக்கொண்டு வருமே, வட்டமான பல் வைத்த ரம்பம், அதுதான். அந்தப் பல் சுற்றாது, இப்படியும் அப்படியும் மிக வேகமாக அதிரும். கெட்டியான மாவை வெட்டும், மெத்தென்ற தோலில் பட்டால் தோலும் கூடவே அசைந்துகொடுப்பதால் கிழிக்காது. மாவுக்கட்டு போட்ட குழந்தைகள் இதை நம்பியதே இல்லை என்பது வேறு விஷயம்.

1941-ல் அவர் தொடங்கிய கம்பெனி 1964-ல் ஸ்ட்ரைக்கர் கார்ப்பரேஷன் ஆனது. மகன் லீ 1976-ல் விமான விபத்தில் இறந்தார். 1977-ல் வெளியிலிருந்து ஜான் பிரவுன் என்ற நிர்வாகி வந்தார். ஆண்டுக்கு 20 சதவீத லாப வளர்ச்சி என்று இலக்கு வைத்து, இருபதாண்டுகளுக்கும் மேலாக அதை விடாமல் எட்டிக் காட்டினார். 1979-ல் பங்குச் சந்தைக்கு வந்த கம்பெனி, இடுப்பு மூட்டும் முழங்கால் மூட்டும் செய்து உலகளவில் பெருத்தது. லீயின் மூன்று பிள்ளைகள் ரோண்டா, பேட், ஜான் ஆகியோர் கையில் இருந்த பங்குகள், பெரிதாக ஒன்றும் செய்யாமலே, அவர்களைக் கோடீஸ்வரர்கள் ஆக்கின.

கடைக்குட்டி ஜான் ஸ்ட்ரைக்கர் கலமசூ கல்லூரியில் உயிரியலும், பெர்க்லியில் கட்டடக்கலையும் படித்தவர். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொன்னவர். 2000-ல் அவர் ஆர்கஸைத் தொடங்கினார். கலமசூவில் ஒரு பழைய ரயில் நிலையக் கட்டடத்தைப் புதுப்பித்து அதில் அலுவலகம் வைத்தார். பிறகு நியூயார்க்கிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் அலுவலகங்கள் வந்தன.

மனிதர்கள் ஒருவரோடொருவரும் இயற்கையோடும் இணங்கி வாழ முடியும் என்பதே தன் கொள்கை என்று அறக்கட்டளை சொல்லிக்கொள்கிறது. இரண்டு வேலைகளையும் ஒட்டவைக்க எழுதிய வாக்கியம் என்றுதான் எனக்குப் படுகிறது. உண்மைக் காரணம் எளிமையானது: உயிரியல் படித்த, தன்பாலீர்ப்பாளரான ஒரு பணக்காரருக்கு இருந்த இரண்டு அக்கறைகள். தனியார் அறக்கட்டளைகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் பின்னால் வரும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நூற்றுக்கு ஐந்து

அமெரிக்க வரிச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்காமல் இந்தப் பணத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஒருவர் பத்து டாலருக்கு வாங்கிய பங்கு இன்று ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். விற்றால் 990 டாலர் லாபத்துக்கு வரி. விற்காமல் தன் அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டால் அந்த வரி இல்லை. தவிர, சந்தையில் விற்பனையாகும் பங்கு என்றால் முழு ஆயிரம் டாலரையும் நன்கொடையாகக் காட்டி, தன் வருமான வரியிலும் ஓர் அளவுவரை கழித்துக்கொள்ளலாம். அதாவது அறக்கட்டளைக்குள் போகும் ஒவ்வொரு டாலரிலும், அரசுக்கு வந்திருக்க வேண்டிய பங்கு ஒன்றும் சேர்ந்தே போகிறது. "அவர் பணம், அவர் இஷ்டம்" என்பது பாதிதான் உண்மை.

இதற்கு ஈடாகச் சட்டம் சில நிபந்தனைகள் போடுகிறது. அடித்தளம் 1969-ன் வரிச் சீர்திருத்தச் சட்டம். அறக்கட்டளை தன் முதலீட்டு மதிப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழிக்க வேண்டும். நிர்வாகச் செலவும் இந்தக் கணக்கில் அடக்கம். நிறுவியவரோ அவர் குடும்பமோ அறக்கட்டளையோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. குடும்பமும் அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு கம்பெனியின் 20 சதவீத வாக்குப் பங்குக்கு மேல் பொதுவாக வைத்திருக்க முடியாது. அறக்கட்டளையைக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் கருவியாக வைத்துக்கொள்வதைத் தடுக்கத்தான் இந்த விதி. முதலீட்டு வருமானத்துக்கு 1.39 சதவீத வரி. யாருக்கு எவ்வளவு மானியம் கொடுத்தது என்ற பட்டியலை ஆண்டுதோறும் வரித் துறையிடம் தர வேண்டும், அது பொதுமக்கள் பார்வைக்கும் திறந்திருக்க வேண்டும்.

5 சதவீதம் என்பது பார்ப்பதற்குத் தாராளமாகத் தெரியும். சந்தை 8 சதவீதம் வளரும் ஆண்டில் 5 கொடுத்தால் அசல் குறைவதே இல்லை, கூடுகிறது. இந்திய அறக்கட்டளைகள் வரிவிலக்கு வேண்டுமென்றால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது நம் விதி. அங்கே அளவுகோல் வருமானம் இல்லை, சொத்து. இரண்டுமே அறக்கட்டளையை அழியாமல் வைத்திருக்கும் ஏற்பாடுதான்.

இன்னொரு நிபந்தனை அரசியல் பற்றியது. தனியார் அறக்கட்டளை எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகப் பணம் செலவழிக்க முடியாது. ஒரு மசோதாவை நிறைவேற்றவோ தோற்கடிக்கவோ என்று குறித்து மானியம் தர முடியாது. ஆகவே ஸ்ட்ரைக்கர் போன்றவர்களுக்கு இரண்டு பைகள். ஆய்வு, விழிப்புணர்வு, வழக்கு, அமைப்புகளின் அன்றாடச் செலவு எல்லாம் அறக்கட்டளைப் பையிலிருந்து. தேர்தல் செலவு சொந்தப் பையிலிருந்து. 2006 மிச்சிகன் தேர்தலில் அவர் தன் சொந்தப் பணத்திலிருந்து பல லட்சம் டாலர்களை அரசியல் குழு ஒன்றின் வழியாக இறக்கினார். எதிர்த் தரப்பில் கவர்னர் வேட்பாளராக நின்றவர் ஆம்வே குடும்பத்தின் டிக் டிவோஸ். அவர் குடும்பத்துக்கும் அறக்கட்டளைகள் உண்டு, அவை பழைமைவாத அமைப்புகளுக்குக் கொடுத்தன. மிச்சிகனின் இரண்டு பணக்காரக் குடும்பங்கள், ஒரே வரிச் சட்டம், நேர் எதிரான இரண்டு நியாயங்கள். அறக்கட்டளை என்ற வடிவத்துக்குச் சொந்தமாகக் கொள்கை எதுவும் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது ஆண்டு இடமாற்றம்

இனி அலமொகோர்டோ. அந்தச் சிம்பன்சிகள் அங்கே வந்த கதை பனிப்போர் காலத்தது. பக்கத்தில் ஹாலமன் விமானப்படைத் தளம். ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்ட குட்டிகளை இங்கே கொண்டுவந்து விண்வெளிப் பயணத்துக்குப் பழக்கினார்கள். தாய் உயிரோடு இருக்கும்வரை சிம்பன்சிக் குட்டியை யாரும் பறிக்க முடியாது. ஆகவே ஒரு குட்டி என்றால் குறைந்தது ஒரு தாயின் சாவு. கேமரூனில் பிறந்த ஹாம் என்ற சிம்பன்சி, 1961 ஜனவரி 31 அன்று ராக்கெட்டில் போய்த் திரும்பியது. மனிதர்கள் பறக்கத் தொடங்கியபின் விமானப்படைக்குச் சிம்பன்சி தேவைப்படவில்லை. மருத்துவ ஆய்வுக்கு வாடகைக்கு விட்டது. 1980-களில் எய்ட்ஸ் வந்தபோது, சிம்பன்சிகள்தான் சரியான சோதனை விலங்கு என்று எண்ணி அமெரிக்க அரசு அவற்றை ஏராளமாக இனப்பெருக்கம் செய்ய வைத்தது. எச்ஐவி கிருமி ஏற்றப்பட்டவற்றில் பெரும்பாலானவை நோயாளியே ஆகவில்லை. ஆய்வுக்குப் பயன்படாத, ஆனால் 50 வயதுவரை வாழக்கூடிய விலங்குகள் கூண்டுகளில் தங்கிவிட்டன.

1990-களின் இறுதியில் விமானப்படை தன் சிம்பன்சிகளைக் கைகழுவியபோது, பெரும்பாலானவை கூல்ஸ்டனுக்கே போயின. 1993-ல் சூடேற்றும் கருவி கோளாறாகி மூன்று சிம்பன்சிகள் வெப்பத்தில் செத்த இடம் அது. கரோல் நூன் விமானப்படை மீது வழக்குப் போட்டு, சமரசத்தில் 21 சிம்பன்சிகளை வாங்கினார். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் அருகே, முன்பு ஆரஞ்சுத் தோப்பாக இருந்த 150 ஏக்கரில் அவற்றை வைத்தார். 'சேவ் த சிம்ப்ஸ்' என்ற அந்தச் சரணாலயம் அவர் 1997-ல் தொடங்கியது. கூல்ஸ்டன் நொடித்தபோது அதன் உரிமையாளர் நூனைக் கூப்பிட்டுத்தான் விற்றார்.

266 விலங்குகளையும் லாரியில் ஏற்றி மறுநாளே ஃபுளோரிடாவுக்கு அனுப்பிவிட முடியாது. தனிக்கூண்டில் வளர்ந்த சிம்பன்சிக்கு இன்னொரு சிம்பன்சியோடு பழகத் தெரியாது. சேர்த்து விட்டால் சண்டை, கடி, சில சமயம் கொலை. எனவே நூனும் அவர் ஊழியர்களும் அலமொகோர்டோவிலேயே தங்கினார்கள். முதலில் கூண்டுகளுக்கு நடுவே கதவு வெட்டி இணைத்தார்கள். போர்வை கொடுத்தார்கள், பழமும் காய்கறியும் கொடுத்தார்கள். இரண்டிரண்டாகக் கம்பிக்கு இருபுறமும் வைத்து, கை நீட்டிக்கொள்கின்றனவா, முதுகில் பேன் பார்த்துக்கொள்கின்றனவா என்று கவனித்து, பிறகு ஒன்றாக விட்டார்கள். ஜோடி நாலாகி, நாலு பத்தாகி, ஒரு குடும்பமாகத் திரண்டதும், ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வைத்துச் செய்த வண்டியில், பத்துப் பத்தாக, சுமார் 3,200 கிலோமீட்டர் பயணம். ஃபுளோரிடாவில் இதற்குள் 12 தீவுகளை வெட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் மூன்று ஏக்கர் அளவு, சுற்றிலும் தண்ணீர். சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது என்பதால் வேலி தேவையில்லை. கடைசி வண்டி 2011 டிசம்பரில் கிளம்பியது. நூன் அதைப் பார்க்கவில்லை. 2009 மே மாதம் புற்றுநோயில் இறந்துவிட்டார்.

ஒன்பது ஆண்டு. இந்த வேலைக்கு டிக்கெட் வருமானம் கிடையாது, அரிய இனத்தைக் காட்டில் பெருக்கினோம் என்ற கணக்கும் கிடையாது. காட்டுயிர் பாதுகாப்புக்காரர்களில் பலர் இந்தப் பணத்தை ஆப்பிரிக்கக் காட்டில் போட்டிருந்தால் இன்னும் அதிகம் காப்பாற்றலாமே என்பார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் அந்த விலங்குகளைக் கூண்டில் போட்ட அரசே கைகழுவிய நிலையில், ஓட்டும் லாபமும் தேவைப்படாத ஒருவர்தான் இதற்குப் பணம் தந்திருக்க முடியும். ஆர்கஸ் செய்தவற்றில் மிகவும் சிக்கலற்ற நன்மை இதுதான் என்பது என் மதிப்பீடு. பின்னால் அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகம் 2013-ல் தன் ஆய்வுச் சிம்பன்சிகளில் பெரும்பாலானவற்றுக்கும், 2015-ல் மீதமுள்ளவற்றுக்கும் ஓய்வு கொடுக்க முடிவெடுத்தபோது, "எங்கே வைப்பது?" என்ற கேள்விக்கு நடைமுறைப் பதில் ஒன்று ஏற்கெனவே ஃபுளோரிடாவில் கண்ணெதிரே இருந்தது.

காட்டிலும் காலம்தான் சிக்கல். ஒராங்குட்டான் தாய் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவில் ஏழெட்டு ஆண்டு எடுத்துக்கொள்கிறது. வழக்கமான மானியம் ஓராண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. ஒரு மானியக் காலத்துக்குள் ஒரு தாய்க்கு ஒரு பிரசவம்கூட நிச்சயமில்லை. எண்ணிக்கை கூடியதா என்று அறிக்கையில் என்ன எழுதுவது? அதனால் ஆர்கஸ் குரங்குகளை எண்ணுவதோடு நிற்காமல், அவற்றைக் கொல்லும் தொழில்களைப் பார்க்கத் தொடங்கியது. 'ஸ்டேட் ஆஃப் தி ஏப்ஸ்' என்ற தொடரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்டது. 2014-ல் முதல் தொகுதி சுரங்கம், எண்ணெய், மரவெட்டு பற்றி. 2015-ல் பனை எண்ணெய் போன்ற பெருந்தோட்ட விவசாயம். 2018-ல் சாலை, அணை, ரயில். இணையத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கிப்பன்களையும் சேர்த்துக்கொண்டதால் இந்தப் பேச்சுக்குள் இந்தியாவும் வருகிறது. நம் நாட்டின் ஒரே வாலில்லாக் குரங்கு ஹூலக் கிப்பன். அசாமின் ஜோர்ஹாட் அருகே ஹொல்லொங்காபார் சரணாலயம் வெறும் 20.98 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் தேயிலைத் தோட்டம். அதன் குறுக்கே ஆங்கிலேயர் காலத்து ரயில் பாதை ஒன்று ஓடுகிறது. கிப்பன் கிளைக்குக் கிளை தாவும், தரையில் இறங்க விரும்பாது. ஆகவே ஒற்றைத் தண்டவாளம் போதும், காட்டின் இந்தப் பக்கக் குடும்பம் அந்தப் பக்கத்துக்குப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் முடியாமல் போக.

வெற்றிக்கு மறுநாள்

சமூக நீதிப் பிரிவின் குணத்தை மாற்றியதில் ஊர்வசி வைத் என்ற பெயர் முக்கியமானது. 1958-ல் டெல்லியில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா போனவர். வழக்கறிஞர். 1990-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் எய்ட்ஸ் பற்றி உரையாற்றிய கூட்டத்தில், பேச்சுக்கு காசு வேண்டாம், எய்ட்ஸ் நிதிக்குத்தான் வேண்டும் என்ற பொருளில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தவர். ஃபோர்டு அறக்கட்டளையில் வேலை பார்த்துவிட்டு, 2005 முதல் 2010 வரை ஆர்கஸின் செயல் இயக்குநராக இருந்தார். சட்டப்படி சம உரிமை கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. வசதியுள்ள வெள்ளை ஆணுக்குத் திருமண உரிமை கிடைப்பதும், கறுப்பினத் திருநங்கைக்குத் தெருவில் உயிரோடு நடக்க முடிவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். 2022-ல் காலமானார்.

அந்த வாதத்துக்குச் சோதனை 2015 ஜூன் 26-ல் வந்தது. தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்று ஆர்கஸின் சொந்த மாநிலமான மிச்சிகனிலிருந்து போனது. திருமண உரிமைக்காகவே இருந்த கூட்டு நிதிகளும் அமைப்புகளும் வேலை முடிந்தது என்று கடையைக் கட்டின. கொடையாளர்களுக்கு வெற்றி பிடிக்கும், வெற்றிக்கு மறுநாள் பிடிக்காது. அதே ஆண்டு ஆர்கஸ், நோவோ என்ற இன்னொரு அறக்கட்டளையோடு சேர்ந்து, திருநர் அமைப்புகளுக்காக ஐந்தாண்டில் 2 கோடி டாலர் திரட்டும் முயற்சியை அறிவித்தது. அடுத்த பத்தாண்டில் அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் திருநர்களைக் குறிவைத்து மசோதாக்கள் வரிசைகட்டியதைப் பார்க்கும்போது, அந்தக் கணிப்பு சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

தொகையின் அளவையும் பார்க்க வேண்டும். அமெரிக்க அறக்கட்டளைகள் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் ஒவ்வொரு 100 டாலரிலும் தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோருக்கென்று போவது அரை டாலர்கூட இல்லை. களம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது ஆர்கஸ் போன்ற ஒன்று அதில் யானை. யானையின் விருப்பம் எதுவோ அதுவே களத்தின் திட்டம் ஆகிவிடும் அபாயம் உண்டு. எந்தப் பிரச்சினையை எந்தச் சொற்களில் எழுதினால் மானியம் கிடைக்கும் என்று சிறு அமைப்புகள் கற்றுக்கொண்டுவிடும். பிறகு அந்தச் சொற்களிலேயே சிந்திக்கவும் தொடங்கிவிடும். தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்த எவரையும் கேட்டுப் பாருங்கள்.

முழங்கால் உயரக் கம்பங்கள்

இரண்டு வேலைகளும் தனித்தனியே ஓடுகின்றன என்று இதுவரை எழுதினேன். ஆப்பிரிக்காவில் அவை முட்டிக்கொள்கின்றன.

கென்யாவின் லைக்கிப்பியா சமவெளியில் ஓல் பெஜெட்டா என்ற 90,000 ஏக்கர் காட்டுயிர்க் காப்பகம் இருக்கிறது. டெலமியர் பிரபு, சவூதி ஆயுத வியாபாரி அட்னன் கஷோகி, பிறகு லோன்ரோ என்ற பிரிட்டிஷ் கம்பெனி என்று கைமாறி வந்த பண்ணை. 2004-ல் ஃபானா அண்ட் ஃப்ளோரா இன்டர்நேஷனல் என்ற பாதுகாப்பு அமைப்பு இதை வாங்கியது. பின்னால் இருந்த பணம் ஆர்கஸுடையது. பின்னர் நிலம் லாப நோக்கற்ற ஓர் உள்நாட்டு அமைப்பின் பெயருக்குப் போனது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய கறுப்புக் காண்டாமிருகச் சரணாலயம் இது. கடைசி ஆண் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகமான சூடான் 2018 மார்ச் 19 அன்று இறந்தது இங்கேதான். மீதமுள்ள இரு பெண்களும் இங்கேதான். புருண்டிப் போரிலிருந்து மீட்கப்பட்ட சிம்பன்சிகளுக்கு 1993 முதல் இங்கே ஒரு சரணாலயம் உண்டு. மாடுகளும் மேய்கின்றன, இறைச்சி விற்றும் சுற்றுலாவிலும் காப்பகம் சம்பாதிக்கிறது.

அதன் வேலியில் ஒரு அழகான ஏற்பாடு. சுற்றிலும் மின்வேலி இருந்தாலும், யானைகள் வடக்கே போய்வர சில இடைவெளிகள் விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் முழங்கால் உயரத்தில் நெருக்கமாகக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். யானை காலைத் தூக்கி வைத்துத் தாண்டிவிடும். ஒட்டகச்சிவிங்கி தாண்டும். சிறு விலங்குகள் நடுவில் நுழையும். காண்டாமிருகத்தால் மட்டும் முடியாது; காலை அவ்வளவு தூக்க வராது, உடம்பும் நுழையாது. வேட்டைக்காரர்கள் காத்திருக்கும் வெளிப்பக்கத்துக்கு அது போகாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் அந்த நிலம் அதற்கு முன் யாருடையது? 1911 ஒப்பந்தம் ஒன்றின் பேரில், வெள்ளைக் குடியேறிகளுக்கு இடம் விட, மாசாய் மக்களை லைக்கிப்பியாவிலிருந்து தெற்கே ஓட்டினார்கள். மாசாய்கள் 1913-ல் வழக்குப் போட்டார்கள். இது இரு நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, தங்களுக்கு விசாரிக்க அதிகாரமில்லை என்று காலனி நீதிமன்றம் தள்ளிவிட்டது. நூறாண்டு கழித்து ஒரு நல்லெண்ணக் கொடையாளர் அந்த நிலத்தைச் சந்தை விலையில் வாங்கிக் காண்டாமிருகத்துக்குக் கொடுக்கிறார். குடியேறியின் பட்டா செல்லுபடியானது என்ற அனுமானம் அந்த விலையிலேயே அடங்கியிருக்கிறது. காப்பகம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் தண்ணீருக்கும் செலவழிக்கிறது, பழைய மாட்டுப் பண்ணையைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் சமூக நீதி என்ற பிரிவையும் கையில் வைத்திருக்கும் ஓர் அறக்கட்டளையிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

உகாண்டாவில் முடிச்சு இன்னும் இறுக்கம். 1991-ல் ப்விண்டி, ம்காஹிங்கா காடுகளை மலைக் கொரில்லாக்களுக்காகத் தேசியப் பூங்காக்களாக அறிவித்தபோது, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த பாட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், இழப்பீடு இல்லாமல். கொரில்லாக்கள் பிழைத்தன; 2018-ல் மலைக் கொரில்லாவின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதால், மிகவும் அருகிய இனம் என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கப்பட்டது. பாட்வாக்களுக்கு நியாயம் செய்யப்படவில்லை என்று உகாண்டா அரசியல் சாசன நீதிமன்றம் சொல்ல 2021 ஆனது. ஆர்கஸின் குரங்குப் பிரிவை நடத்திய அனெட் லான்ஜோ, முன்பு இந்த மலைக் கொரில்லாத் திட்டத்தில்தான் பல ஆண்டுகள் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். கொரில்லாவைக் காப்பாற்றுவதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கும் இடத்தில் இருந்தவர்.

அதே உகாண்டாதான் தன்பாலீர்ப்பைத் தண்டிக்கும் சட்டத்தை 2014-ல் கொண்டுவந்து, நடைமுறைக் குறையால் நீதிமன்றம் அதை ரத்து செய்த பின், 2023-ல் மரண தண்டனைப் பிரிவோடு மறுபடி கொண்டுவந்த நாடு. 2009-ல் அமெரிக்கச் சுவிசேஷகர்கள் தலைநகர் கம்பாலாவில் வந்து கருத்தரங்கு நடத்திய பிறகுதான் முதல் மசோதா வந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் மீது வீசப்பட்ட குற்றச்சாட்டு "வெளிநாட்டுப் பணம்". வெளிநாட்டுப் பணம் இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பக்கத்துக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டியது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை அரசுகள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று பார்த்துப் பழகிய இந்திய வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஆர்கஸ் ஒரு நல்ல வழியைத் தேர்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். நைரோபியில் இயங்கும் உஹாய் என்ற கிழக்கு ஆப்பிரிக்க நிதியமைப்பு போன்றவற்றுக்குப் பணம் கொடுத்து, யாருக்கு எவ்வளவு என்ற முடிவை அங்கேயே விட்டுவிடுகிறது. உஹாயில் மானியம் தேர்வுசெய்யும் குழுவில் உட்காருபவர்கள் அந்தந்த நாட்டு ஆர்வலர்களே. எந்தச் சமயத்தில் சத்தம் போட வேண்டும், எப்போது வாயைத் திறக்கக் கூடாது என்று நியூயார்க்கில் இருப்பவருக்குத் தெரியாது, கம்பாலாவில் இருப்பவருக்குத் தெரியும். காட்டுயிர்ப் பக்கத்தில் இந்த முறை இவ்வளவு தூரம் வரவில்லை. எந்தக் காட்டை வாங்குவது, எங்கே வேலி போடுவது என்பதில் காட்டோர மக்கள் குழு அமர்ந்து முடிவெடுப்பது அரிது. இரண்டு பிரிவுகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் உண்மையில் கிடைக்கக்கூடிய லாபம் இதுதான்: முதல் பிரிவு கற்றுக்கொண்டதை இரண்டாவதற்குக் கடத்துவது. கொள்கை வாக்கியத்தைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

இந்தக் கணக்கெல்லாம் அரசுப் பணம் ஓரளவு ஓடிக்கொண்டிருந்த காலத்துக்கானது. ஆர்கஸ் பிறந்த அதே 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மனிதக் குரங்குகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, அதற்கென்று ஒரு நிதியும் ஏற்படுத்தியது. 2011-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை உலகளவில் தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரின் உரிமைக்காகத் தொடங்கிய நிதியில் ஆர்கஸும் பங்காளி. 2025-ல் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவி முகமையையே கலைத்தது. காங்கோ படுகைக் காடுகளில் ரோந்துக் காவலர் சம்பளம் முதல் எச்ஐவி மருத்துவமனைகள் வரை, இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் பணம் வறண்டது. அந்தப் பள்ளத்தைத் தனியார் அறக்கட்டளைகள் எல்லாம் சேர்ந்தாலும் நிரப்ப முடியாது, ஆர்கஸ் அதில் ஒரு சிறு துளி.

அதே 2025 மே மாதம், பெரிய அறக்கட்டளைகளின் முதலீட்டு வருமான வரியை அளவுக்கேற்ப 10 சதவீதம்வரை உயர்த்தும் பிரிவு ஒன்று பிரதிநிதிகள் சபையின் வரி மசோதாவில் இருந்தது. ஆர்கஸ் போன்ற நடுத்தர அறக்கட்டளைகளும் இரட்டிப்பு வரியாவது கட்ட வேண்டி வந்திருக்கும். செனட்டில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், ஜூலையில் வந்த சட்டத்தில் அது இல்லை. மெக்கார்தர் போன்ற சில அறக்கட்டளைகள் நெருக்கடியைக் காரணம் காட்டி 6 சதவீதத்துக்கு மேல் கொடுக்கப்போவதாகத் தாங்களாகவே அறிவித்தன. சட்டம் கேட்பது இன்னும் 5 தான். அதற்கு மேல் எவ்வளவு, எதற்கு என்று தீர்மானிக்கும் வாக்குரிமை நிறுவியவரிடமும் அவர் சேர்த்துக்கொண்ட சில பேரிடமும் மட்டுமே இருக்கிறது. காட்டோரத்தில் வாழ்பவருக்கோ கம்பாலாவில் ஒளிந்து வாழ்பவருக்கோ அந்த மேசையில் நாற்காலி கிடையாது.